எத்தனை பேருக்கு

பிளென்கின் படையை அறிந்தது
வயிற்று வழியாகத்தான்.
பத்துப் பேர் என்றால் ஐந்து ரொட்டி.
பிளட்டூனுக்குச் சின்ன அண்டா.
கம்பெனிக்குப் பெரியது,
அதன் ஒரு பக்கத்துப் பிடி ஆடும்.
பட்டாலியன் என்பது
மூன்று மணிக்கு எழுந்து அடுப்பை மூட்டுவது.
பிரிகேடு, டிவிஷன் எல்லாம்
யாரோ பேசிக்கொள்ளும் பெரிய சொற்கள்.

ஞாயிறன்று லிங்கன்ஷயர் வானம்
விமானங்களால் அடைந்துபோனது.
கூரைத் தகரம் அதிர்ந்ததில்
உப்பு ஜாடி தானாக நகர்ந்து
மேசை விளிம்பில் வந்து நின்றது.
அதற்கு முன்பே, பாராசூட் முதுகில் கனக்க,
டகெட் என்கிற பையன்
லாரியிலிருந்து கத்திவிட்டுப் போயிருந்தான்:
"வெள்ளிக்கிழமை மீனைத் தீய்த்துவிடாதே!"

முதல் வெள்ளி அப்படியே போனது.

பதினோராம் நாள் இரண்டு லாரிகள்.
முதலாவதில் ஆட்கள்.
இரண்டாவதை அனுப்பியவனுக்கு
யாரும் சொல்லியிருக்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் அவர்கள்
ஒன்றாக உட்காரவில்லை.
அவரவர் கம்பெனி, அவரவர் பெஞ்சு,
பழைய இடம்.
இங்கே ஒருவன்.
நான்கு மேசை தள்ளி இன்னொருவன்.
கைமாறிக் கைமாறி வரும் உப்புக்காக
ஒருவன் எழுந்து
கூடம் முழுக்க நடக்கவேண்டியிருந்தது.
பூட்ஸ் சத்தம் மட்டும்.
பிளென்கின் அண்டாவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.
பழக்கத்தில் நிரப்பிவிட்டிருந்தான்.

இரவு, நாளைக்கான ரேஷன் சீட்டு.
எண்ணிக்கை என்ற கட்டத்துக்கு மேலே
பென்சில் வெகுநேரம் நின்றது.
முப்பத்து நான்கு.
எழுதி, நாக்கில் பென்சிலைத் தொட்டு,
அடுத்த வரியில், அதே கையெழுத்தில்:
மீன், முப்பத்தைந்து.