ஒற்றைக்காதன்

வாளித் தண்ணீரை வீசினேன்.
தியெர்ரா தெல் ஃபுவேகோவின் காற்று யார் சொல்லுக்கும் கட்டுப்படாது.
அத்தனையும் திரும்பி என் முகத்திலேயே விழுந்தது.
கம்பளிக் கொட்டகைக்குப் பின்னால்
லூமாவும் அந்த ஒற்றைக்காதனும்
வால் வாலோடு, முகம் எதிரெதிராக,
நீதிமன்ற வராந்தாவில் பெயர் கூப்பிடக் காத்திருக்கும்
புருஷன் பெண்டாட்டி மாதிரி
அசையாமல் நின்றார்கள்.

“இழுக்காதே எடெல்மீரா” என்றாள் ஒஃபேலியா,
நீரிணைக்கு அந்தப் பக்கம்,
யாருடைய பூனைக்கோ தையல் போட்டுக்கொண்டே.
“இழுத்தால் இரண்டுக்கும் காயம். தானாக அவிழும்.
இருபது நிமிடம் ஆகலாம். போய் மாத்தே குடி.”

இருபத்து மூன்று ஆனது.
அவிழ்ந்ததும் அவன் வேலியைத் தாண்டிப் போனான்,
கடன் கேட்க வந்து கிடைத்துவிட்டவன் நடையில்.
இவள் படுத்துத் தன்னை நக்கிக்கொண்டாள்.
என்னைப் பார்க்கவில்லை.
நானும்தான்.

நாட்காட்டியில் என் கையெழுத்து இருந்தது.
மே மாதம் முதல் பருவம்: கொட்டகையில் பூட்டிவைத்தேன்.
“மூன்று மாதம் போகட்டும், ஆகஸ்டில் கூட்டி வா” என்றிருந்தாள் ஒஃபேலியா.
ஆகஸ்டில் பாதையெல்லாம் பனி.
செப்டம்பரில் வண்டிக்கு கிளட்ச் போனது.
அக்டோபரில் ஆடுகள் ஈன்றன,
ஆயிரத்து இருநூறு ஆட்டுக்கு ஒரே நாய், அவளை எப்படி அனுப்ப?
நவம்பருக்குக் காரணம் ஏதுமில்லை.
மறந்தேன், அவ்வளவுதான்.

“இப்போதே எடுத்துவிடேன், கர்ப்பப்பையை,
நாளைக்கே கப்பல் ஏறுகிறேன்” என்றேன்.
“இப்போது உள்ளே எல்லாம் இரத்தம் ஊறிக் கிடக்கும்.
வெட்டினால் நிற்காது. பொறு.
கலைக்க ஊசி இருக்கிறது. அதற்கும் அவசரமில்லை,
முதலில் நிற்கிறதா பார்ப்போம்.
நாலு வாரம் கழித்து வா.
அதுவரை கட்டியே வை.
பருவம் முடியவில்லை, இன்னொருவன் வருவான்.”

இன்னொருவன் வரவில்லை. ஓயார்சோ வந்தான்.
தோளில் உரித்த ஆட்டுக்குட்டி ஒன்று.
வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்,
சம்பந்தி வீட்டுக்கு வந்தவனைப் போல.
“என் நாய்தான்” என்றான்.
“தெரியும்” என்றேன்.
“அவனுக்கும் செய்துவிடுகிறேன்” என்று
தன் பூட்ஸைப் பார்த்துச் சொன்னான்.
ஆட்டுக்கறியை வாங்கிக்கொண்டேன்.
சொன்னதை வரவில் வைக்கவில்லை.

அந்த நாலு வாரமும் எண்ணினேன்.
அவள் சோறு மறுத்த இரண்டு நாள்,
உறங்கிய மத்தியானங்கள்,
மடி கனத்த மாதிரி தோன்றிய ஒரு விடியல்.
வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.
சொல்லிக்கொண்டே
ஆப்பிள் பெட்டி ஒன்றின் பக்கத்தை அறுத்து,
கழிவுக் கம்பளியை உதறி,
அடுப்புக்கு அருகே போட்டிருந்தேன்.
யாரும் கேட்கவில்லை, ஏன் என்று.
கேட்க அங்கே யாரும் இல்லை.

ஜனவரி. கத்தரிப்புக் கூலியாட்களுக்கு
ஒருநாள் சம்பளம் வீணாக,
கப்பலில் அவள் என் காலடியில் வாந்தி எடுக்க,
போய்ச் சேர்ந்தோம்.
ஒஃபேலியா வயிற்றில் களிம்பு தடவி
கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள்.
திரையில் சாம்பல் நிறம். மறுபடி சாம்பல் நிறம்.
“ஒன்றுமில்லை” என்றாள்.
“நல்லது” என்றேன்,
கொஞ்சம் சத்தமாக.

மார்ச் பதினாறில் முடிந்தது.
மழித்த வயிற்றில் ஏழு தையல்,
கழுத்தைச் சுற்றிப் புனல்;
காற்று அதில் புகுந்து அவளைப் பக்கவாட்டில் தள்ள,
கோபத்தில் காற்றையே குரைத்தாள்.
பத்தாம் நாள் ஒரு கிடாயை மடக்கித் திருப்பினாள்,
ஓடாதே என்று நான் கத்தக் கத்த.

அடுத்த குளிரில்
ஒற்றைக்காதன் வேலியோரம் வந்தான்.
ஓயார்சோ இன்னும் செய்யவில்லை,
அவன் நடையிலேயே தெரிந்தது.
கம்பிக்கு இந்தப் பக்கம் முகர்ந்தான், அந்தப் பக்கம் முகர்ந்தான்.
லூமா தலையைத் தூக்கவே இல்லை.
கம்பத்தில் ஒரு சொட்டு விட்டுவிட்டுப் போனான்.

பெட்டி இன்னும் அடுப்பருகேதான் இருக்கிறது.
சிவப்புக் கோழி அதில் முட்டையிடுகிறது.