வெண்பிள்ளை

பெண் மீனுக்குத்தான் இங்கே விலை.
வயிற்றைக் கீறியதும்
சிவப்பு மணிகள் கண்ணாடிப் புட்டிக்குப் போகும்,
புட்டி டோக்கியோவுக்குப் போகும்.
ஆணின் வயிற்றில் இருப்பதைத்
தோகாஷி இரண்டு விரலால் வழித்து
நீல வாளியில் எறிவாள்.
எங்கள் பேச்சில் அதற்கு வெண்பிள்ளை என்று பெயர்.
பிறக்காத பிள்ளைகள்,
கிலோ எண்பது யென்.

எண்ணி வாங்குவது என் வேலை.
பனிக்கட்டி, மூடி, கையெழுத்து.
ஷிபெட்சு துறைமுகத்தில் விடிகாலை நான்கு;
நீரிணைக்கு அப்பால் குனாஷிர் தீவு,
யாரோ அணைக்க மறந்த இரண்டு விளக்குகளோடு.
பிஹோரோ கணவாயில் மூடுபனி.
வண்டியில் பதினோரு வாளி
அலுங்காமல் வர வேண்டும்.
ஒரு வளைவில் ஒரே ஒருமுறை கொட்டியது.
அந்தக் கம்பளிச் சட்டையை
இன்றும் தனியாகத்தான் துவைக்கிறேன்.

கிடாமி ஆய்வகத்தில் நாகிசா வாங்கிக்கொள்வாள்.
அரைப்பார்கள், கழுவுவார்கள்,
புரதத்தைப் பிரித்துக் கழிப்பார்கள்.
மூன்றாம் நாள் ஒரு கண்ணாடிக் குச்சியில்
பஞ்சு மிட்டாய்போலச் சுற்றிக்கொண்டு வரும்.
நாற்றமில்லை.
"மீன் எங்கே?" என்றேன்.
"இதுதான் மீன்."

துடுப்பு, செதில், கீழ்த்தாடையின் கொக்கி,
நாலு வருஷம் கடலில் சுற்றிவிட்டுப்
பிறந்த ஆற்றின் வாசனையைக் கண்டுபிடிக்கும் மூக்கு
எல்லாம் அந்த நூலில் எழுதியிருக்கிறதாம்.
அவள் படிப்பதில்லை.
இழையாக இருந்தால் போதும் அவளுக்கு.

சோப்பு மாதிரி எதையோ சேர்த்தால்
அது தண்ணீரை மறந்து
சாராயத்தில் கரைகிறது.
சுழலும் தட்டில் ஒரு சொட்டு.
மயிரிழையை நாலாயிரமாய் வகிர்ந்தால்
ஒரு பங்கு எவ்வளவோ
அவ்வளவு கனத்தில் ஓர் ஏடு.

"ஒளிரப்போவது இதுவா?"
"இல்லை, இது மறிக்கும்.
மின்னணுவுக்குக் கால் தரிக்காது.
சந்திக்க வேண்டியதைச் சந்திக்காமலே
அந்தப் பக்கம் ஓடிவிடும்.
ஓடினால் மின்சாரம் வீண்.
இந்த ஏடு குறுக்கே நின்று
கொஞ்சம் இரு என்கிறது.
இருந்தால்,
எதிரிலிருந்து ஒரு வெற்றிடம் வந்து சேரும்.
சேர்ந்த இடத்தில் வெளிச்சம்.
அதே மின்சாரம்தான், ஒளி கூடுதல்."

எங்கள் ஆற்றின் குறுக்கே
செப்டம்பரில் இறக்கும் இரும்புத் தட்டியை நினைத்தேன்.
மேலே போக வந்த மீன்கள்
அதன் முன்னால் துள்ளித் துள்ளி
மூக்கு வெளுத்துப்போகும்.
வழி மறிக்கப்பட்டது இப்போது வழி மறிக்கிறது.
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

நவம்பரில் ஒருநாள் அறையை இருட்டாக்கினாள்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு என் சுண்டுவிரல் நகமளவு
பச்சை.
நாகிசாவின் மூக்கு நுனியும்
மேஜைமேல் மறந்துவைத்த தேநீர்க் கோப்பையும்
கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தன.
யாரும் கைதட்டவில்லை.
யாரோ தும்மினார்கள்.

அடுத்த வாரம் போனபோது அது அணைந்திருந்தது.
"ஈரம் புகுந்துவிட்டது. மீனின் புத்தி,
எங்கே ஈரம் என்று தேடுகிறது" என்று சிரித்தாள்.
"அடுத்த முறை எத்தனை வாளி?"

அதுதான் சொல்ல வந்தேன்.
கடல் சூடேறிவிட்டது,
வலையில் பெயர் தெரியாத தெற்கத்தி மீன்கள்.
போன வருஷம் பதினோரு வாளி.
இந்த முறை மூன்று,
மூன்றாவதும் அரைகுறை.
அவள் நோட்டில் மூன்று என்று எழுதி
அடியில் ஒரு கோடு போட்டாள்.
ஒரு வாளிக்கு எத்தனை ஆயிரம் ஏடு என்று
கணக்குச் சொன்னாள்.
எனக்கு அது பிடிபடவில்லை.

திரும்பி வந்ததும் தோகாஷி கேட்டாள்:
"அதை வைத்து அங்கே என்னதான் செய்கிறார்கள்?"
நகத்தைக் காட்டினேன்.
"விளக்கு. இவ்வளவு. பச்சை."
கத்தியை மேலங்கியில் துடைத்து
என் நகத்தையே பார்த்தாள்.
"விளக்கா?"
"ஆமாம்."
"அப்படியென்றால்
தொண்ணூறு யென் கேள்."