ஏழாம் கண்

தட்டில் பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும்தான்.
நாற்பத்தொன்று.
ஆனால் ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கியவள் நான்:
பக்கிரிசாமி, லஸ்கர்,
வெட்டாற்றில் எட்டுக் கண் நீரொழுங்கி.
பெருங்குடல்.

"என்னத்தைப் பாக்கப் போறீங்க அதுல?"
கால்சியம் என்றேன்.
"சுண்ணாம்பா?"
சுண்ணாம்புதான்.
செல்லுக்கு வெளியே பத்தாயிரம் பங்கென்றால் உள்ளே ஒன்று.
உள்ளுக்குள்ளேயே ஒரு தேக்கம், பூட்டி வைத்தது.
ஒரு கண்ணை லேசாகத் தூக்கினால் செல் வேலை செய்யும்,
வளரும், இரண்டாகும்.
மொத்தமும் திறந்துவிட்டால் மைட்டோகாண்ட்ரியா வீங்கி
செல் தன் கணக்கைத் தானே முடித்துக்கொள்ளும்.
"முடிஞ்சா நல்லதா?"
நல்லது. முடித்துக்கொள்ள மறுப்பதற்குத்தான் புற்று என்று பெயர்.

டிரிப்ஸ் சொட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"அறுப்புக்கு முன்னாடி தண்ணியை வடிக்கணும்மா.
வடிக்காத வயல் பச்சையாவே நிக்கும்.
ரோட்லேர்ந்து பாத்தா ஜோரா இருக்கும்."
உவமை தலைகீழ். திருத்தவில்லை.

இப்போது ராத்திரி ஒன்றரை. தஞ்சாவூரில் மழை.
முதல் தட்டு, கட்டிக்கு ஒரு சாண் தள்ளி வெட்டிய நல்ல குடல்:
மருந்து விட்டதும் சாயம் பச்சையாகப் பொங்கி
ஓரத்திலிருந்து ஓரம் ஓடி
ஒவ்வொன்றாய் அணைந்தது,
டார்ச்சோடு வரப்பில் போனவர்கள் வீடு சேர்ந்ததுபோல.

இரண்டாம் தட்டு.
அதே மருந்து, அதே அளவு.
ஒரு மினுக்கு. அப்புறம் ஒன்று.
தேக்கத்தில் இருக்கிறது, வாசல்தான் அசையவில்லை.

அவர் மதகில் ஏழாம் கண் இப்படித்தானாம்.
மரை இறுகி,
கிரீஸ் தடவி, கடப்பாரை போட்டு
நாலு பேர் தொங்கியும் எழும்பாமல்,
கடைமடைக்காரர்கள் சைக்கிளில் வந்து
அவரைத்தான் திட்டினார்களாம், இன்ஜினியரை இல்லை.

மருந்தை இரட்டித்தேன்.
டீ ஆறியது.

2.10. இடது மூலையில் ஒரு செல்
எந்த அறிவிப்பும் இல்லாமல்
முழுக்கப் பச்சையாகி
சுருங்கி
கொப்புளம் கொப்புளமாய் உடைந்து
இருட்டு.

நானூற்று முப்பதில் ஒன்று.

நோட்டில் மணியை எழுதினேன்.
ஷட்டர் ஏற்றிய நேரத்தை அவர் எழுதுவதும்
இதே போன்ற கோடு போட்ட நீள நோட்டில்தானாம்.
எட்டு மணிக்கு அவர் வார்டைத் தாண்டித்தான் போகவேண்டும்.
கேட்பார்.
என்ன சொல்ல,
உங்க கட்டியில் ஒரு சாவு விழுந்தது,
ஒன்றே ஒன்று,
என்றா?