இடப்பக்கத் துரு

கத்திரி முடிந்த நாலாம் நாள்
அரியூர்ப் பக்கமிருந்து ஒரு மழை வந்து
கஸ்பாவின் தூசியைச் சேறாக்கிவிட்டுப் போயிற்று.
அன்று சாயந்திரமே போன் அடங்கிவிட்டது.
சலாவுதீன் மட்டும் கூப்பிட்டார்:
"நாளைக்கு அரைப் பாளம்கூட வேணாம்பா.
கரும்பு மிஷினை மூடிட்டேன்."

சரி, இன்றைக்குப் பாக்ஸரைப் பார்க்கலாம்.

தொண்ணூறு நாள்.
சைதாப்பேட்டை ஐஸ் பேக்டரி வாசலில்
விடிகாலை நாலரைக்கு
உமி தூவிக் கோணி சுற்றிய பாளத்தைக்
கேரியரில் ஏற்றிக் கட்டினால்
முன் சக்கரம் லேசாகப் பறக்கப் பார்க்கும்.
தொரப்பாடி, பாகாயம், ஓட்டேரி.
திரும்பி வந்து காட்பாடிக்கு இன்னொரு நடை.
பாலாற்றுப் பாலத்தில்
ஆற்றில் இல்லாத தண்ணீர்
என் பின்னால் சொட்டிக்கொண்டே வரும்.

ஏர் பில்டரைக் கழற்றினேன்.
ஒரு கைப்பிடி உமி.
இத்தனை நாள் எதை மூச்சு விட்டாயோ.
பெட்ரோலில் அலசிப் பிழிந்து நிழலில் வைத்தேன்.
பிளக்கை உப்புத்தாளில் தேய்த்து
பிளேடு நுழையும் இடைவெளி விட்டேன்.
பழைய பெயிண்டு டப்பாவில்
எஞ்சின் ஆயில் இறங்கியபோது
ஜன்னலிலிருந்து பார்த்த பரிமளா,
"இத்தை வச்சு ரோடே போடலாம்போல கீது" என்றாள்.

அப்புறம் செயின்.

வலப்பக்கம் சைலன்சர், பிரேக் மிதி எல்லாம்
வயசுக்குத் தகுந்தபடிதான் இருக்கின்றன.
இடப்பக்கம் மட்டும்
செயின் கவர், பின் ஸ்பிராக்கெட், போர்க்கின் அடி
செங்கல் சூளையில் கிடந்த மாதிரி.
தேய்க்கத் தேய்க்கத்தான் விளங்கிற்று.
ஓடும்போது தண்ணீர் ரோட்டுக்குப் போய்விடும்.
நிற்கும்போதுதான்
சைடு ஸ்டாண்டில் சாய்ந்து
ஐஸ் கேனின் உப்போடு
இந்தப் பக்கமாக வழியும்.
ஓடி வந்த துரு இல்லை இது.
நின்றதால் வந்தது.

எங்கே நின்றேன்?
சலாவுதீனின் மருமகன் கதைக்குப் பத்து நிமிஷம்.
விருதம்பட்டில் டீ.
கிரீன் சர்க்கிளில் யாரோ மந்திரி போகும்வரை.
இதெல்லாம் இவ்வளவு தின்னாது.

சேண்பாக்கம்.
மே பதினாலோ, பதினஞ்சோ.
ராத்திரி ஒன்பதுக்குக் கரண்ட் இல்லாத தெரு.
ஃப்ரீசர் பாக்ஸ் ராணிப்பேட்டையில்
வேறொரு சாவு வீட்டில் மாட்டிக்கொண்டது.
பெஞ்சில் கிடந்தவரை எனக்குத் தெரியாது.
மீசை இன்னும் முழுசாக நரைக்கவில்லை.
மகன் மஸ்கட்டில் விமானத்துக்கு நிற்கிறான்.
ஒரு பாளத்தை உடைத்து அடியில் பரப்பினோம்.
"அண்ணா, இது எவ்ளோ நேரம் தாங்கும்?"
என்று அந்தப் பெண் கேட்டாள்.
காலை வரைக்கும் என்றேன்.
ரெண்டு மணிக்கு மேல் தாங்காதென்று தெரியும்.

அதனால் போகவில்லை.
இன்னொரு பாளம் வண்டியிலேயே இருந்தது.
ஓட்டேரிக் கல்யாண மண்டபம்
ஏழு தடவை கூப்பிட்டு, திட்டி, விட்டுவிட்டது.
நான் வாசலில் நின்றேன், வண்டியும் சாய்ந்து நின்றது.
கோணியிலிருந்து இறங்கிய தண்ணீர்
செயின் வழியாகச் சொட்டிச் சொட்டி
சாக்கடை வரைக்கும் ஒரு கோடு போட்டது.
நேரம் பார்க்க அதைத்தான் பார்த்தேன்.

அவர்களுக்குக் காசு ஞாபகம் வரவில்லை.
நானும் கேட்கவில்லை.
கணக்கு நோட்டில் 'சேண்பாக்கம், 2' என்று இருக்கிறது.
எதிரே ஒன்றும் எழுதவில்லை.
அடிக்கவும் இல்லை.

டீசலில் ஊறப்போட்டும்
ஒரு கண்ணி மட்டும் மடங்க மறுக்கிறது.
விரலால் முன்னும் பின்னும் ஆட்டினேன்.
கொஞ்சம் அசைந்தது.
ரெண்டு விரல் தொய்வு வைத்துச் செயினை முறுக்கி,
பிரேக் ஷூவைத் தொட்டுப் பார்த்து
இந்த வருஷம் தள்ளும் என்று மூடினேன்.

மெயின் ஸ்டாண்டு ஸ்பிரிங் போய் வருஷம் ரெண்டாகிறது.
கொணவட்டத்தில் பழசு கேட்டால் முப்பது ரூபாய்.
போட்டுவிட்டால்
அடுத்த கத்திரிக்கு இது நேராக நிற்கும்.

மறுபடியும் தூறல்.
வண்டியை உள்ளே தள்ளினேன்.
கால் தன் பாட்டுக்கு
சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டது.