லாம்

கால்வெஸ்டனில் பெட்ரோல் பங்குக்கு அதுதான் வேலி.
வங்கி வாசலில் பந்து பந்தாய்க் கத்தரித்து வைத்திருக்கிறார்கள்.
கூரைகளைப் புயல் தூக்கிப்போன வருஷமும்
இலை உதிராமல் நின்றது யோப்பான்.
யாரும் குடிப்பதில்லை.

காப்பி வருமுன்பே இந்தக் கரையில் குடித்தவர்கள் உண்டு.
அவர்களைத் துரத்தியாயிற்று.
சடங்கொன்றில் அவர்கள் கக்குவதைப் பார்த்த எவனோ
செடியின் பெயரிலேயே
வாந்தியை எழுதிவைத்தான்.
உலைவாயை மூடலாம்.
ஊர்வாயைக்கூட ஒருநாள் மூடிவிடலாம்.
லத்தீன் வாயை எதைக்கொண்டு மூட?

மார்லா கிட்ரி இலை வறுக்கிறாள், கடனில் வாங்கிய அடுப்பில்.
ராய்ஸ் சீட்டு எழுதுகிறான்:
படபடப்பு இல்லாத சுறுசுறுப்பு.
கசப்பே அறியாத இலை.
மூப்பைத் தள்ளிப்போடும்.
கடைசி வரியை அவள் அடித்தாள்.
தள்ளிப்போடலாம் என்று அவன் மறுபடி எழுதினான்.
"ஒரு 'லாம்' போதும், மார்லா.
வழக்கு வராது."

சனிக்கிழமைச் சந்தை.
சிவப்பு விற்கும் என்று பழக்கொத்துகளை ஒடித்து
மேசை முழுக்கப் பரப்பியிருந்தான்.
சலவைக்கூடச் சீருடையில் ஒருத்தி வந்தாள்,
ரொசால்பா என்றது மார்பின் அட்டை,
வயிற்றில் ஏழு மாதம், இடுப்பில் இன்னொன்று.
இடுப்பில் இருந்தது எட்டி
நாலு பழத்தை வாய்க்குக் கொண்டுபோனபோது
மார்லா மேசையைத் தாண்டி அந்தக் கையைப் பிடித்தாள்.
கோப்பைகள் கவிழ்ந்தன. குழந்தை வீறிட்டது.
"இலைதான் தேநீர். பழம் ஆகாது."
விரல் விரலாகப் பிரித்து எண்ணினாள்.
நாலும் இருந்தன.

ரொசால்பா போய்விடவில்லை.
சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.
"நான் குடிக்கலாமா?"

அதே லாம்.
இந்த முறை அது கேள்வியாக வந்து
தொண்டையில் நின்றது.
ராய்ஸ் மேசைக்கடியில் காலை மிதித்தான்.

"இதில் காஃபின் இருக்கிறது.
எவ்வளவு என்று நாங்கள் அளந்ததில்லை.
டாக்டரைக் கேட்டுவிட்டு வா."

அவள் பக்கத்துக் கடையில் அத்திப்பழ ஜாம் வாங்கிப் போனாள்.

இரவு, நானூறு சீட்டுகள், ஒரு கறுப்புப் பேனா.
'தள்ளிப்போடலாம்' ஒவ்வொன்றாய் மறைகிறது.
பின்பக்கம் கையால் எழுதுகிறாள்:
பழம் தின்னக் கூடாது.
கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்கவும்.
அதன் கீழே, கொஞ்சம் யோசித்து,
அந்த லத்தீன் பெயரையும்.
ராய்ஸ் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறான், விளக்கை அணைத்துவிட்டு.

மணி இரண்டு. மூன்றாவது கோப்பை.
கை லேசாக நடுங்குகிறது.
முதல் வரியையும்
அடிக்கத்தான் வேண்டும்.