நாற்பதுக்கு மேல் படியில்லை

மார்த்தாண்டம் பஸ்ஸிலேயே தொடங்கிவிட்டது சண்டை.
மேலே இருப்பது புத்தர் என்றார் எஸ்தாக்கி.
சமணர் என்றேன்.
எட்டாம் வகுப்பில் படித்ததாக்கும்.
இருபத்தாறு வருடம் லாரி ஓட்டிய மனுசன்,
போகிற வழியில் எந்தச் சிலை
கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாலும்
அவருக்கு அது புத்தர்.
கண்டக்டரிடம் நியாயம் கேட்டார்.
அவன் ‘சிதறால் ரெண்டா?’ என்று மட்டும் கேட்டான்.

மாசி மாதம்.
ரப்பர் மரங்கள் இலை முழுக்க உதிர்த்து
சிரட்டைகளைக் கவிழ்த்துப் போட்டு
வேலை இல்லாமல் நின்றன,
எங்களைப்போல.

கல் பாவிய பாதை. வெயில் முந்திக்கொண்டு ஏறியிருந்தது.
யாரும் சொல்லாமலே படியை எண்ணத் தொடங்கினார்.
மூச்சு வாங்கினால் உட்கார்வார்.
எழுந்தால் மறுபடியும் ஒன்று.
முப்பத்தொன்றில் உட்கார்ந்தார். ஒன்று.
பத்தொன்பதில் ஒரு கொல்லாமர நிழல். ஒன்று.
‘விட்ட இடத்துலேருந்து எண்ணப்பிடாதா?’
‘விட்டதை விட்டாச்சுல்லா, ரோணிக்கம்.’
அவர் கணக்கில் இந்த மலைக்கு
நாற்பதுக்கு மேல் படியில்லை.

கார்த்திகையில்
களியக்காவிளை தாண்டவில்லை, நெஞ்சு அடைத்தது.
இண்டிகேட்டர் போட்டு
கை காட்டி
வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் விழுந்தார்.
பேனாவுக்குள் இருக்குமே ஸ்பிரிங், அதுபோல இரண்டு
என்று டாக்டர் தாளில் வரைந்து காட்டினார்.
காப்பீட்டுக்கு என் விரலை வைக்கச் சொன்னார்கள்.
பத்தையும் வைத்தேன்.
அண்டியாபீசில் பதினெட்டு வருடம் தோடு உடைத்த கை.
அண்டிப்பால் தின்றதுபோக ரேகை மிச்சமில்லை.
ஆள் இல்லை என்றது மிஷின்.
நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால்
இரண்டு பாறைகளின் இடுக்கு.
உடம்பைக் குறுக்கி நுழைந்தால் காற்று
பச்சைத் தண்ணீர் மாதிரி முகத்தில் அடிக்கிறது.
பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார்.
தீர்த்தங்கரர்.
என் பக்கம் திரும்பவே இல்லை.

பாறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்,
சிலர் முழு ஆளாக, சிலர் ஒரு சாண் உயரத்தில்.
ஒருவர் தலைக்கு மேல் குடை.
ஒன்றல்ல, மூன்று அடுக்கு.
‘ஆருக்காவது வெயில் கொள்ளாம இருக்கட்டு’ என்றார்,
சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு.

அந்தப் பக்கம் வட்டெழுத்து.
இரண்டு பேருக்கும் வாசிக்க வராது.
தொடக் கூடாது என்று நல்ல தமிழில் எழுதி வைத்திருந்தார்கள்.
தொட்டேன்.
கல் என் விரலுக்குத் தெரிந்தது.
என் விரல் கல்லுக்குத் தெரிந்ததோ என்னமோ.

கீழே தென்னைகளுக்கு நடுவே ஆறு
வந்து வந்து மறைந்தது.
எதிரே மலைகள், ஒன்றின் முதுகில் ஒன்று.
அவர் பாறையில் சம்மணமிட்டு
கையை மடியில் போட்டு
கண்ணை மூடிக்கொண்டார்.
நேரம் போனது.
‘அந்த டாரஸ் பாரு,’ என்றார் கண்ணைத் திறக்காமல்,
‘ஏத்தத்துல நாலாம் கியர் போட்டு இழுக்கான், மடையன்.’
எனக்கு ஒரு லாரியும் கேட்கவில்லை.
காற்றுதான்.
பஸ்ஸில் போட்ட சண்டையை நினைத்துக்கொண்டேன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

இறங்கும்போது அவர் எண்ணவில்லை.
நான் எண்ணினேன்,
படியை அல்ல.

அடிவாரத்தில் சோடாக்காரர்
எலுமிச்சையை நறுக்கிக்கொண்டே கேட்டார்:
‘புத்தரைக் கண்டியளா?’
நான் வாயைத் திறப்பதற்குள் எஸ்தாக்கி சொன்னார்:
‘ஆளு மாறிப்போச்சு.
ஆனா இருந்தாரு.’

ரெண்டு சோடா.
ஒன்றில் உப்பு வேண்டாம் என்றேன்.