நாலாம் கட்டை

பகாவிலிருந்து தோட்டத்துக்கு ஏழு கட்டை.
நாலாவதில் நின்றுவிடும்.
நேற்றும் அங்கேதான், முந்தாநாளும் அங்கேதான்,
சின்னப் பாலத்துக்கு இப்பால்,
செம்பனை ஓலை சாலைக்குள் தலை நீட்டும் இடத்தில்.

எழுநூறு வெள்ளிக் கடனுக்கு
நாத்தனார் புருஷன் குணாளன்
சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போன சி-எழுபது.
கிராண்டில் அதன் வயது நாற்பத்தொன்று,
என்னைவிட இரண்டு கூட.

உதைத்தேன். உதைத்தேன்.
கெண்டைச் சதைதான் சூடேறியது.

ஊரே வைத்தியம் சொன்னது.
பிளக்கை மாற்று என்றான் மீன்காரன்.
எலுமிச்சம்பழம் கொடுத்தாள் பரிபூரணம்:
அந்தக் கட்டையில்தான் எண்பத்தாறில் லாரி கவிழ்ந்ததாம்,
செத்தவனுக்கு வீடு போக இன்னும் வண்டி வேண்டுமாம்.
குணாளனுக்குப் போன் போட்டேன்.
"கெட்ட வார்த்தை சொல்லிப் பாருங்க அக்கா, கேட்கும்."
சொன்னேன். அவனைத்தான்.

ஒருநாள் பழ லாரியில் ஏற்றி
ஆ கியோங் கடையில் இறக்கினேன்.
சீட்டைத் தூக்கினான், மூடியைத் திறந்தான்,
டார்ச் அடித்து உள்ளே பார்த்தான்.
"மிஞ்யாக் ஆடா."
மூடினான். ரெண்டு உதை. பிடித்துக்கொண்டது.
பல் வலியென்று போய்
நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி நின்றவளைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தான்.
காசும் வாங்கவில்லை,
அதுதான் அவமானம்.

இன்று ஐந்தே கால். பெரட்டுக்கு முக்கால் மணி இருக்கிறது.
நாலாம் கட்டை.
இறங்கினேன். இந்த முறை வரிசையாக.

பிளக்கைக் கழற்றி மூக்கருகே பிடித்தேன்.
நுனி காய்ந்திருந்தது, எண்ணெய் வாடையே இல்லை.
தொப்பியில் மாட்டி எஞ்சின் மேல் சாய்த்துக்
கையால் கிக்கரை அமுக்கினேன்.
இருட்டில் இது ஒரு வசதி:
ஊதாப் பொறி, கடுகளவு, சொடுக்குச் சத்தத்தோடு.
பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்து
மறுபடி அமுக்கினேன்.
விரலைத் தள்ளியது.
நெருப்பு இருக்கிறது, மூச்சும் இருக்கிறது.
அப்படியானால் எண்ணெய்.

கார்பரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தினேன்.
மூன்று சொட்டு.
ரப்பர் குழாயை உருவினேன்,
நூல்போல் வந்து நின்றது.
நேற்று ராத்திரி குச்சி விட்டு அளந்தேனே,
தினமும்தான் அளக்கிறேன், பாதிக்கு மேல்.
இருக்கிறது. இறங்க மாட்டேன் என்கிறது.

சீட்டைத் தூக்கி மூடியைத் திருகினேன்.
உஸ்ஸென்று
வெளியே வரவில்லை, உள்ளே போனது காற்று.
குழாயிலிருந்து எண்ணெய்
என் செருப்பின் மேல் கொட்டியது.

கொட்டட்டும் என்று
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

திறந்து திறந்து பார்த்தபோதெல்லாம்
நோயைத் தீர்த்துவிட்டு
நோய் எங்கே என்று தேடியிருக்கிறேன். ஆ கியோங்கும்தான்.

மூடியைப் புரட்டினேன்.
ஊசித் துளை இருக்கவேண்டிய இடத்தில் நீலம்.
தீபாவளிக்கு நான் அடித்த பெயிண்ட்.
தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அடித்ததுபோக மீந்த அரை டப்பா.
சீட்டுக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்,
அதற்கும் இரண்டு பூச்சு.

அடைபட்ட காற்றை வைத்துக்கொண்டு
நாலு கட்டை வந்திருக்கிறது பாவம்.
அதற்குமேல், எண்ணெய் விட்டுப்போன இடத்தில்
வந்து உட்கார ஆளில்லை.
லாரிக்காரன் வேறு வீணாகக் கெட்ட பேர் வாங்கினான்.

கொண்டை ஊசியால் குத்தினேன்.
நகத்தில் ஒட்டியது நீலப் பொருக்கு.
குழாய், திருகு, பிளக், எல்லாம் அதனதன் இடத்தில்.
உதைத்தேன்.

ஐந்து.
ஆறு.

பெரட்டில் ரபீக், சோஹாக், ஜஹாங்கீர் என்று
எல்லாரையும் கூப்பிட்டு முடித்து என் பெயர்.
"ஆடா" என்றேன்.
கை மணக்கிறதே என்றாள் பரிபூரணம்.
பழம் வைத்தாயா?
வைத்தேன் என்றேன்.
முன்கூடையில் அது
ஏழு கட்டையும் உருண்டுகொண்டு வந்தது
உண்மைதானே.